பத்திரிகையாளரின் மன அமைதி: ஒரு வரலாற்று நோக்கு

நாள்தோறும் காலையில் நாம் செய்தித்தாளைப் பிரிக்கிறோம். வானொலியில் செய்தி கேட்கிறோம். எங்கோ ஓர் ஊரில் வெள்ளம் புகுந்தது, இத்தனை பேர் மாண்டனர் என்பதை ஒரு வரியில் அறிகிறோம். அறிந்து, சற்றே வருந்தி, நம் அலுவலை நோக்கிச் செல்கிறோம். அந்த ஒரு வரியை எழுதி அனுப்பியவர் கரை ஒதுங்கிய உடல்களை எண்ணிப் பார்த்தவர். உற்றாரின் அழுகையை அருகில் நின்று கேட்டவர். எழுதி முடித்ததும் அடுத்த செய்தியைத் தேடிப் புறப்பட்டவர். அவர் கண்டதில் ஒரு பகுதி நம்மை வந்து சேர்கிறது. எஞ்சிய பகுதி அவர் உள்ளத்திலேயே தங்கிவிடுகிறது. அது என்ன ஆயிற்று என்று நாம் கேட்பதில்லை.

பத்திரிகை வரலாறு எழுதுவோர் அடக்குமுறைச் சட்டங்களைப் பற்றி எழுதுவர். புகழ்பெற்ற வழக்குகளைப் பற்றியும் பேராசிரியர்களைப் பற்றியும் எழுதுவர். எழுதியோரின் உள்ளம் எவ்வாறு காக்கப்பட்டது, எவ்வாறு காக்கப்படாமற் போயிற்று என்னும் செய்தி அவ்வரலாற்றில் ஓரத்திலேயே கிடக்கிறது. அதை எடுத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். நம் நாட்டில் பத்திரிகையாளரின் மன நலத்தைப் புகழுரைகளும் ஆறுதல் மொழிகளும் காத்ததில்லை. உறங்கும் நேரம், ஓய்வு நாள், வேலை நீக்கத்துக்கு முன்னறிவிப்பு, மனச்சாட்சிக்கு மதிப்பு ஆகியவற்றை எழுத்தில் வரையறுத்த விதிகளே ஓரளவேனும் காத்தன. அவ்விதிகள் பிறந்த கதையையும், அவை எட்டாமல் விட்ட இடங்களையும் இங்குக் காண்போம்.

தியாகத்தின் காலம்

இந்திய மண்ணில் அச்சான முதல் செய்தித்தாளை 1780ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் கல்கத்தாவில் ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹிக்கி என்பவர் வெளியிட்டார். கம்பெனி ஆட்சியினரைச் சாடி எழுதியதால் சிறை புகுந்தார்; சிறையிலிருந்தபடியே பத்திரிகையை நடத்தினார். 1782ஆம் ஆண்டில் அவருடைய அச்செழுத்துக்கள் பறிமுதலாயின, பத்திரிகை நின்றது. அவருடைய இறுதிக் காலம் வறுமையில் கழிந்தது. நம் நாட்டுப் பத்திரிகைத் தொழிலின் முதல் ஏட்டிலேயே இத்தொழில் ஒரு மனிதரிடம் எவ்வளவு கேட்கும் என்பது எழுதப்பட்டுவிட்டது.

அடுத்து வந்த நூற்றாண்டில் பத்திரிகை விடுதலைப் போரின் கருவியாயிற்று. பால கங்காதர திலகர் 'கேசரி'யில் எழுதியமைக்காக 1897ஆம் ஆண்டிலும் 1908ஆம் ஆண்டிலும் தண்டிக்கப்பட்டார். இரண்டாம் முறை ஆறாண்டுக் காலம் மாண்டலேச் சிறையில் வைக்கப்பட்டார். சென்னையில் 'ஹிந்து'வைத் தொடங்கியவர்களுள் ஒருவரும் 'சுதேசமித்திரன்' பத்திரிகையை நிறுவியவருமான ஜி. சுப்பிரமணிய ஐயர் 1908ஆம் ஆண்டில் கைதானபோது நோயால் நலிந்திருந்தார். 1916ஆம் ஆண்டில் காலமானார். கான்பூரில் 1913ஆம் ஆண்டில் 'பிரதாப்' பத்திரிகையைத் தொடங்கிய கணேச சங்கர வித்யார்த்தி பலமுறை சிறை கண்டார். 1931ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அந்நகரில் மூண்ட வகுப்புக் கலவரத்தினிடையே பிறர் உயிரைக் காக்கச் சென்று தம் உயிரை இழந்தார்.

1910ஆம் ஆண்டின் பத்திரிகைச் சட்டம் வேறொரு வகைச் சுமையையும் ஏற்றியது. அச்சகத்தாரும் பத்திரிகை வெளியிடுவோரும் அரசாங்கத்தினிடம் ஈட்டுத்தொகை கட்ட வேண்டும். எழுதியது குற்றமெனக் கருதப்பட்டால் அத்தொகை பறிபோகும். ஒரு தலையங்கத்தால் அச்சகமும், அதை நம்பிய குடும்பங்களும் அழியக்கூடும் என்னும் நிலையில், ஆசிரியர் ஒவ்வொரு நாளும் எழுதுகோலை எடுத்தார்.

இவர்களைத் தியாகிகள் என்று நாம் போற்றுகிறோம். போற்றுவது நம் கடமையே. ஆயினும் அப்போற்றுதலின் நிழலில் ஒரு வழக்கமும் வளர்ந்துவிட்டது. பத்திரிகையாளர் என்றால் பசி, உறக்கம், அச்சம், துயர் ஆகியவற்றுக்கு அப்பாற்பட்டவர் என்று உலகம் எதிர்பார்க்கலாயிற்று. களைத்தேன் என்று சொல்வது தொழிலுக்கு இழுக்கு என்று அவர்களும் கருதலாயினர். போர்க்களத்துக்கு ஏற்ற இந்த அறம், நாட்டு விடுதலைக்குப் பின்னரும் அலுவலகங்களில் நிலைத்துவிட்டது. அதனால் பயன் பெற்றவர் எழுதியவரல்லர். குறைந்த கூலிக்கு நெடுநேரம் வேலை வாங்கியவரே.

பஞ்சத்தைக் கண்டவர்கள்

துயரைக் காண்பதே தொழிலாகிவிட்டால் அதன் சுமை எத்தகையது என்பதை 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சம் காட்டியது. ஏறத்தாழ முப்பது இலட்சம் மக்கள் மாண்டதாக மதிப்பிடப்படும் பேரழிவு அது. போர்க்காலக் கட்டுப்பாடுகள் நிலவியமையால் பஞ்சத்தின் உண்மை உருவம் உலகுக்குத் தெரியாதிருந்தது. கல்கத்தாவில் வெளியான 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையின் ஆசிரியர் இயான் ஸ்டீபன்ஸ், 1943ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள், நகர வீதிகளில் பட்டினியால் வாடி வீழ்ந்தோரின் புகைப்படங்களை வெளியிட்டார். அரசாங்கம் மறைத்ததை உலகம் கண்டது.

ஓவியர் சித்தப்பிரசாத் மிதுனப்பூர் மாவட்டத்தில் ஊர் ஊராகச் சென்று, பசியால் மெலிந்த மக்களை மையால் தீட்டினார். அவற்றைக் கொண்டு அவர் வெளியிட்ட சிறு நூலை ஆட்சியினர் பறிமுதல் செய்து அழித்தனர். புகைப்படக்காரர் சுனில் ஜானா பஞ்சம் பாதித்த பகுதிகளில் பயணம் செய்து படமெடுத்தார். 'ஹிந்து'வின் நிருபர் டி. ஜி. நாராயணன் நேரிற் கண்டவற்றை ஆங்கிலத்தில் நூலாக எழுதி 1944ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

இவர்கள் யாவரும் தம் கடமையைச் செய்து முடித்தனர். அதன்பின் அவர்களுள் எவருக்கும் ஓய்வோ மருத்துவத் துணையோ தர வேண்டும் என்று எண்ணும் வழக்கம் அன்று எங்கும் இருந்ததில்லை. பஞ்சம் தணிந்து இருபதாண்டுகளுக்கு மேற்பட்ட பின்னர், 1966ஆம் ஆண்டில், அக்காலத்தைப் பற்றித் தம் நினைவுகளை ஸ்டீபன்ஸ் ஒரு நூலாக வெளியிட்டார். கண்ட துயரைப் பத்திரிகை மறுநாள் மறந்துவிடலாம். கண்டவர் அவ்வாறு மறப்பதில்லை.

அறிக்கையும் சட்டமும்

நாடு விடுதலை பெற்ற பின் பத்திரிகையின் இயல்பு மாறிற்று. இலட்சியத்துக்காக நடந்த பத்திரிகைகள் பல, முதலீடும் இலாபமும் உடைய தொழில் நிறுவனங்களாயின. முதலாளிகள் தொழில் முறைக்கு மாறினர். பணியாளர் மட்டும் தியாக முறையிலேயே இருக்க வேண்டியிருந்தது. பல அலுவலகங்களில் நியமனக் கடிதம் கிடையாது. வேலை நேரத்துக்கு வரையறை கிடையாது. எந்த மாலையிலும் வேலை போகலாம். 1950ஆம் ஆண்டில் டில்லியில் இந்திய உழைக்கும் பத்திரிகையாளர் சம்மேளனம் தோன்றியது. இலட்சுமணபுரியில் வெளியான 'நேஷனல் ஹெரால்டு' பத்திரிகையின் ஆசிரியர் எம். சலபதி ராவ் அதன் முதல் தலைவரானார். பத்திரிகையாளர் தம்மை உழைப்பவர் என்று அழைத்துக்கொண்டதே ஒரு பெரிய மாறுதல். தியாகியிடம் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். உழைப்பவரிடம் கேட்பதற்கு ஓர் எல்லை உண்டு.

1952ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் நீதிபதி ஜி. எஸ். ராஜாத்யட்சர் தலைமையில் பத்திரிகைக் கமிஷனை அமைத்தது. சர் சி. பி. இராமசாமி ஐயர், ஆச்சாரிய நரேந்திர தேவர், டாக்டர் ஜாகீர் உசேன், பொருளியல் அறிஞர் வி. கே. ஆர். வி. ராவ் ஆகியோரும், சலபதி ராவும் அதன் உறுப்பினருள் இடம்பெற்றனர். கமிஷனின் அறிக்கை 1954ஆம் ஆண்டில் வெளிவந்தது. பத்திரிகையின் உடைமை, விற்பனை, ஒழுக்கம் ஆகியவற்றோடு, அதில் உழைப்போரின் சம்பளத்தையும் வேலைப் பாதுகாப்பையும் அது ஆராய்ந்தது. நாளை வேலை இருக்குமோ என்று அஞ்சுபவர் சுதந்திரமாக எழுத முடியாது. ஆகவே பணியாளரின் நிலையும் பத்திரிகைச் சுதந்திரமும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

அவ்வறிக்கையின் பயனாக 1955ஆம் ஆண்டில் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் நிறைவேறியது. மன நலம் என்னும் சொல்லை அச்சட்டத்தில் எவரும் தேடிக் காண முடியாது. ஆயினும் அதன் பிரிவுகளையும், அதன்கீழ் 1957ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட விதிகளையும் படிக்கும்போது, மனித உள்ளத்தை நன்கறிந்தோர் அவற்றை வரைந்தனர் என்றே நமக்குத் தோன்றுகிறது. ஆதலின் அவற்றைச் சற்று விரிவாகவே நோக்குவோம்.

முதலாவது, வேலை நேரம். தொடர்ந்த நான்கு வாரங்களில் 144 மணி நேரத்துக்குமேல் ஒருவரிடம் வேலை வாங்கலாகாது என்று சட்டம் வரையறுத்தது. ஏழு நாட்களுக்கு ஒருமுறை தொடர்ச்சியாக 24 மணி நேர ஓய்வு அளிக்க வேண்டும். அந்த ஓய்வினுள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையுள்ள நேரமும் அடங்க வேண்டும் என்று சேர்த்தார்கள். இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். பகலில் ஓய்வு தந்து, இரவில் மீண்டும் டெலிபிரிண்டரின் முன் உட்கார வைத்துவிட்டு, ஒருநாள் விடுமுறை கொடுத்தோம் என்று கணக்குக் காட்ட இயலாதபடி அவ்வரி அடைத்தது. வீட்டில் மனைவி மக்களோடு ஓர் இரவு உறங்குவது பத்திரிகையாளரின் சட்ட உரிமையாயிற்று.

இரண்டாவது, இரவுப் பணி. பகல் முறையில் நாளொன்றுக்கு ஆறு மணி நேரம், இரவு முறையில் ஐந்தரை மணி நேரம் என்று விதிகள் வேறுபடுத்தின. இரவின் ஒரு மணி பகலின் ஒரு மணியைவிடக் கனமானது என்பதை அவ்வேறுபாடு ஏற்றுக்கொண்டது. ஒருவரைத் தொடர்ந்து ஒரு வாரத்துக்குமேல் இரவுப் பணியில் வைக்கலாகாது. பதினான்கு நாட்களில் ஒரு வாரத்துக்குமேல் இரவுப் பணி கூடாது. இரவிலிருந்து பகலுக்கோ பகலிலிருந்து இரவுக்கோ மாற்றும்போது இடையே 24 மணி நேரம் கழிய வேண்டும். உறக்கம் குலைந்தால் உள்ளம் குலையும் என்பதை இன்று மருத்துவர்கள் பல ஆய்வுகளால் விளக்குகின்றனர். அச்சுக்கூடத்தின் அருகே விடிய விடிய விழித்திருந்தோர் அதை அனுபவத்தால் அறிந்திருந்தனர், அவ்வனுபவமே விதியாயிற்று.

மூன்றாவது, நிருபர்களின் நிலை. தீயும் கலவரமும் கடிகாரம் பார்த்து நிகழ்வதில்லை. ஆகவே நிருபருக்கும் புகைப்படக்காரருக்கும் நாள் எல்லை விதிப்பது அரிது. விதிகள் இதற்கும் ஒரு வழி கண்டன. வாரத்தில் 36 மணி நேரத்துக்கு மிகுதியாக உழைத்த நேரத்தை, அடுத்த வாரத்தில் ஓய்வாகத் திருப்பித் தர வேண்டும். களத்தில் செலவழித்ததைக் கடனாகக் கருதி ஓய்வால் அடைக்கும் இந்த எண்ணம் எளியது. ஆனால் மிக உயர்ந்தது.

நான்காவது, அச்சமின்மை. பிற தொழிலாளரை ஆட்குறைப்புச் செய்யப் பொதுச் சட்டத்தில் ஒரு மாத முன்னறிவிப்புப் போதும். பத்திரிகையாளருக்கு மூன்று மாதம், ஆசிரியருக்கு ஆறு மாதம் என்று இச்சட்டம் நீட்டித்தது. தலையங்கம் எழுதுவோர், உதவியாசிரியர், நிருபர், கேலிச்சித்திரக்காரர், புகைப்படக்காரர் ஆகியோரோடு அச்சுப்பிழை திருத்துவோரையும் பத்திரிகையாளர் என்னும் பெயருக்குள் சேர்த்தது. மங்கிய விளக்கொளியில் கண் வலிக்க உழைத்து, பெயரின்றி மறையும் அவர்களுக்கு அது பெரிய மதிப்பு.

ஐந்தாவது, மனச்சாட்சி. இதற்கு ஒரு வழக்கின் கதையும் உண்டு.

நீதிமன்றமும் மனச்சாட்சியும்

மூன்றாண்டு பணியாற்றியவர் தாமே விலகினாலும் பணிக்கொடை பெறலாம் என்று 1955ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. அச்சட்டம் பத்திரிகைச் சுதந்திரத்தையும் தொழில் நடத்தும் உரிமையையும் பறிப்பதாகப் பத்திரிகை நிறுவனங்கள் உச்ச நீதிமன்றத்தில் வழக்கிட்டன. 1958ஆம் ஆண்டு மார்ச்சு 19ஆம் நாள் தீர்ப்பு வந்தது. சட்டம் செல்லும் என்று நீதிமன்றம் கூறியது. பணியாளரின் நிலைமையை ஒழுங்குபடுத்துவதால் பத்திரிகைச் சுதந்திரம் கெடுவதில்லை என்பது உறுதியாயிற்று. ஆனால் தாமே விலகுவோருக்குப் பணிக்கொடை அளிக்கும் பகுதியும், நீதிபதி திவாடியா தலைமையிலான சம்பள போர்டின் முடிவும் தள்ளுபடியாயின.

பாராளுமன்றம் 1962ஆம் ஆண்டில் சட்டத்தைத் திருத்தியது. தாமாக விலகுவோர் பணிக்கொடை பெறப் பத்தாண்டுப் பணி வேண்டும் என்று நீட்டியது. எனினும் ஒரு வகையினருக்கு மட்டும் மூன்றாண்டே போதும் என்று விட்டது. மனச்சாட்சியை முன்னிட்டு விலகுவோரே அவ்வகையினர். பத்திரிகையின் போக்கு மாறிவிட்டது, இனி இங்கிருந்து எழுத என் உள்ளம் ஒப்பவில்லை என்று எழுந்து செல்பவர் வெறுங்கையுடன் தெருவில் நிற்கலாகாது என்பதே அதன் பொருள். உள்ளம் ஒப்பாததை நாள்தோறும் எழுதுவதைவிடப் பெரிய மன வேதனை எழுத்தாளருக்கு வேறு என்ன உண்டு?

அவ்வேதனையைப் பதின்மூன்றாண்டுகளுக்குப் பின் நாடே கண்டது. 1975ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் இரவு நெருக்கடி நிலை பிறப்பிக்கப்பட்டபோது, டில்லியில் பத்திரிகை அச்சகங்கள் நிறைந்த வீதியில் மின்சாரம் நிறுத்தப்பட்டது. முன் தணிக்கை வந்தது. 1966ஆம் ஆண்டு முதல் இயங்கிவந்த பிரஸ் கவுன்சில் கலைக்கப்பட்டது; 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே மீண்டும் அமைந்தது. பத்திரிகையாளர் சிலர் சிறை சென்றனர். சிறை செல்லாதவர், அறிந்ததை எழுத இயலாமலும் எழுதியதை நம்ப இயலாமலும் நாட்களைக் கழித்தனர். இவ்வகைக் காயத்துக்கு எந்தப் பணிக்கொடையும் ஈடாகாது.

சட்டம் காணாத காயம்

உழைப்பின் களைப்பையும் வேலை இழக்கும் அச்சத்தையும் சட்டம் கண்டது. காண்பதால் ஏற்படும் காயத்தை அது காணவில்லை. அதற்கு எடுத்துக்காட்டாகப் போபால் நகரத்தையும் ஜலந்தர் நகரத்தையும் நினைவு கூர்வோம்.

போபாலில் 'ரபட்' என்னும் சிறிய இந்தி வார ஏட்டை நடத்தியவர் ராஜ்குமார் கேஸ்வானி. அங்கிருந்த பூச்சிமருந்துத் தொழிற்சாலையில் 1981ஆம் ஆண்டு டிசம்பரில் நச்சு வாயுவால் அவருடைய நண்பரான தொழிலாளி ஒருவர் இறந்தார். கேஸ்வானி அத்தொழிற்சாலையை ஆராயத் தொடங்கினார். 1982ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர்த் திங்களில் தம் ஏட்டில் அடுத்தடுத்து எச்சரித்து எழுதினார். 1984ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 'ஜன்சத்தா' நாளிதழிலும் எழுதினார். செவிகொடுப்பார் இல்லை. அவ்வாண்டு டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவையொட்டி வாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டபோது அவரும் அந்நகரில்தான் இருந்தார். பின்னர் அவருக்கு விருதுகள் வந்தன. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் காலமாகும் வரை அப்பேரழிவைப் பற்றி எழுதுவதை விடவில்லை. தான் சொன்னது பலிக்கக் கூடாது என்று வேண்டி எழுதியவருக்கு, அது பலித்த பின் வாழ்வது எத்தகையது என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பஞ்சாபில் 1980ஆம் ஆண்டுகளில் வேறொரு சோதனை நேர்ந்தது. ஜலந்தரில் 'ஹிந்த் சமாச்சார்' பத்திரிகைக் குழுவை நிறுவிய லாலா ஜகத் நாராயண் 1981ஆம் ஆண்டு செப்டம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய மகனும் ஆசிரியருமான ரமேஷ் சந்தர் 1984ஆம் ஆண்டு மே மாதத்தில் கொல்லப்பட்டார். அக்குழுவின் பணியாளரும் முகவரும், தெருவில் பத்திரிகை விற்றோரும் பலர் உயிரிழந்தனர். ஆயினும் பத்திரிகை வெளிவந்தது. காலையில் சைக்கிளில் கட்டை ஏற்றிப் புறப்பட்ட விற்பனையாளரும் ஆசிரியரைப் போலவே அச்சத்தைச் சுமந்தார். இத்தொழிலின் மனச்சுமையைப் பற்றிப் பேசும்போது பெயர் அச்சேறியவரை மட்டும் எண்ணினால் போதாது.

இத்தகைய சுமைக்கு மருத்துவம் ஒரு பெயரிட்டது அண்மைக் காலத்தில்தான். 1980ஆம் ஆண்டில் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலில், அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோயைச் சேர்த்தது. கண்ட காட்சி கனவிலும் நனவிலும் திரும்பத் திரும்ப வருதல், உறக்கமின்மை, சிறு ஒலிக்கும் திடுக்கிடுதல், நெருங்கியோரிடமிருந்து விலகுதல் ஆகியன அதன் குறிகள். முதலில் போர்வீரரை வைத்தே இதைப் பேசினர். 2002ஆம் ஆண்டில் கனடா நாட்டு மனநல மருத்துவர் ஆன்டனி ஃபைன்ஸ்டைனும் அவருடைய குழுவினரும் போர்முனைச் செய்தியாளர் 140 பேரை ஆராய்ந்து வெளியிட்டனர். நூற்றுக்கு 28 பேருக்குமேல் வாழ்நாளில் இந்நோய்க்கு ஆட்பட்டிருந்தனர். துப்பாக்கி ஏந்தாதவரும் போரின் காயத்தைப் பெறுகின்றனர் என்பது தெளிவாயிற்று.

பின்னர் 2014ஆம் ஆண்டில் அவரும் உடன் ஆய்ந்தோரும் வேறொன்றைக் கண்டனர். களத்துக்கே செல்லாமல் அலுவலகத்தில் அமர்ந்து, பொதுமக்கள் அனுப்பும் கொடிய காட்சிப் படங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுப்போருக்கும் பாதிப்பு உண்டு. மொத்தம் எத்தனை மணி நேரம் பார்த்தார் என்பதைவிட, எவ்வளவு அடிக்கடி பார்க்க நேர்ந்தது என்பதே பாதிப்போடு மிகுதியும் தொடர்புற்றிருந்தது. மேசையில் இருப்பவருக்கு என்ன கவலை என்னும் பழைய பேச்சு இதனால் பொருளற்றதாயிற்று.

நம் நாட்டு நிகழ்ச்சிகளை இவ்வெளிச்சத்தில் மீண்டும் காணலாம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, நாகப்பட்டினம், கடலூர் கரைகளில் நிருபரும் புகைப்படக்காரரும் பிணங்களிடையே நடந்தனர். கடலூரில் உறவினரை இழந்து மணலில் வீழ்ந்து கதறிய பெண்ணை அர்க்கோ தத்தா எடுத்த படம் அவ்வாண்டின் உலகப் பத்திரிகைப் புகைப்பட விருதைப் பெற்றது. 2021ஆம் ஆண்டில் கொரோனா நோயின் இரண்டாம் அலையின்போது, சுடுகாடுகளில் வரிசையாக எரிந்த சிதைகளைப் படமெடுத்தும் மருத்துவமனை வாயில்களில் நின்றும் செய்தி அனுப்பினர். அவர்களுள் பலர் தாமும் நோயுற்று இறந்தனர். மத்திய அரசாங்கத்தின் பத்திரிகையாளர் நலத் திட்டம், இறந்தோர் குடும்பத்துக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வரை உதவ வகை செய்கிறது. அது நன்றே. ஆனால் பிழைத்து வந்து, உறங்க முடியாமல் மறுநாள் வேலைக்குச் சென்றவரின் துயர், உதவித் தொகைக் கணக்குகளில் எளிதில் இடம்பெறுவதில்லை.

இன்றைய நிலை

1955ஆம் ஆண்டுச் சட்டம் இன்று தனிச் சட்டமாக இல்லை. 2020ஆம் ஆண்டில் நிறைவேறிய தொழிற் பாதுகாப்பு, உடல்நலம், பணி நிலைமை பற்றிய தொகுப்புச் சட்டம் அதைத் தன்னுள் அடக்கிக்கொண்டு, 2025ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. நான்கு வாரத்துக்கு 144 மணி நேரம், வாரந்தோறும் 24 மணி நேர ஓய்வு என்னும் பழைய எல்லைகள் அதிலும் இடம்பெற்றுள்ளன. வானொலி, தொலைக்காட்சி, இணைய ஊடகங்களில் பணிபுரிவோரும் பத்திரிகையாளர் என்னும் இலக்கணத்துள் வந்தனர். மறுபுறம், திவாடியா போர்டிலிருந்து மஜீதியா போர்டு வரை வந்த சம்பள போர்டு முறையின் எதிர்காலம் குறித்துப் பத்திரிகையாளர் சங்கங்கள் கவலை தெரிவித்துள்ளன.

எல்லைகள் ஏட்டில் இருக்கின்றன. வாழ்க்கையோ அவற்றைத் தாண்டி ஓடுகிறது. டெலிபிரிண்டர் அலுவலகத்தில் இருந்தது. கதவை மூடினால் அதன் ஓசை நின்றுவிடும். இன்றைய கைப்பேசி படுக்கை வரை வருகிறது. இருபத்து நான்கு மணி நேரமும் செய்தி வேண்டும் என்னும் போட்டியில், ஓய்வு நாள் என்பது அழைப்பு வராத நாள் என்னும் பொருளையும் இழந்துவிட்டது. சிற்றூர்களில் செய்திக்கு இவ்வளவு என்று கூலி பெறும் பகுதிநேர நிருபர்கள் மிகப் பலர். மணல் கொள்ளையையும் சாதிக் கலவரத்தையும் முதலில் காண்பவர்கள் அவர்களே. பகைவரின் அண்டை வீட்டிலேயே வாழ்பவர்களும் அவர்களே. நியமனக் கடிதம் இல்லாமையால் சட்டத்தின் பயனை இறுதியில் பெறுபவர்களும் அவர்களே. பெண் நிருபர்கள் எழுதிய செய்திக்காக மட்டுமன்றிப் பெண்ணாக இருப்பதற்காகவும் இணையத்தில் இழிமொழிகளையும் மிரட்டல்களையும் ஏற்க வேண்டியிருக்கிறது.

துணை செய்யும் வாய்ப்புகளும் இன்று சில உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல் நோய்க்கு இணையாக மன நோய்க்கும் மருத்துவக் காப்பீடு தரவேண்டும் என்று விதித்தது. 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் அரசாங்கம் தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் தொலைபேசி உதவி, 14416 என்னும் எண்ணில் இரவு பகலாகத் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. இரவு முறை முடித்து இரண்டு மணிக்கு வீடு திரும்பும் உதவியாசிரியரும் அவ்வெண்ணை அழைக்கலாம்.

இவற்றோடு, பழைய விதிகள் காட்டிய வழியை அலுவலகங்கள் மேலும் நீட்டிக்க வேண்டும் என்று நாம் கருதுகிறோம். விபத்து, கலவரம், பேரிடர் ஆகியவற்றைக் கண்டு திரும்பியவருக்கு, அவர் கேட்காமலேயே ஓய்வு நாள் தருவது விதியாக வேண்டும். கேட்டுப் பெறும் ஓய்வு கோழையென்னும் பெயரைத் தரும் என்று அஞ்சுவோர் பலர். விதியால் வரும் ஓய்வில் அவ்வச்சம் இல்லை. கொடிய படங்களைத் தேர்ந்தெடுக்கும் பணியை, இரவுப் பணியைப் போலவே முறை வைத்து மாற்ற வேண்டும். ஒரு பணியை ஏற்க இயலாது என்று ஒருவர் சொன்னால், அது அவருடைய உயர்வுக்குத் தடையாகாது என்பதை எழுத்தில் தர வேண்டும். மருத்துவரிடம் சென்ற செய்தி மேலதிகாரியின் காதுக்குச் செல்லாமல் காக்கப்பட வேண்டும். பகுதிநேர நிருபரும் இவ்வேற்பாடுகளில் அடங்க வேண்டும். மூத்த ஆசிரியர், களத்திலிருந்து திரும்பிய இளைஞரிடம் 'செய்தி எங்கே?' என்று கேட்கும் முன் 'நீ நலமா? சாப்பிட்டாயா?' என்று கேட்பதற்கு எந்தச் சட்டமும் வேண்டியதில்லை.

படிப்போரும் கேட்போருமான நமக்கும் இதில் பங்கு உண்டு. முந்திவரும் செய்தியையே நாம் நாடினால், உறங்காமல் ஓடும் நிருபரையே அலுவலகங்கள் நாடும். சற்றுத் தாமதித்தாலும் சரிபார்க்கப்பட்ட செய்தி போதும் என்று நாம் பொறுத்தால், அந்தப் பொறுமையில் ஒரு பகுதி நிருபருக்கு ஓய்வாகச் சென்று சேரும். 1954ஆம் ஆண்டில் ஒரு கமிஷன் பத்திரிகையாளரின் சம்பளத்தையும் வேலை நிலையையும் நாட்டின் நலனோடு சேர்த்து ஆராய்ந்தது. மறு ஆண்டே பாராளுமன்றம் அவருடைய இரவு உறக்கத்துக்குச் சட்டம் இயற்றியது. அவருடைய மனக் காயத்தைப் பற்றி அத்தகைய முழுமையான ஆராய்ச்சி ஒன்றை நாடு இன்னும் நடத்தவில்லை. நம் பொருட்டுத் துயரைக் காணச் செல்பவர்களுக்காக அதை நடத்துமாறு கேட்பது நம் கடமை.